இறந்தவன் பெயரில் ஆடியவர்

ஜேக்கப் மார்டியூ, இங்கிலாந்தின் டரம் மாவட்டத்தில் எங்கள் ஊர்ச் சுரங்கத்தில் கரி வெட்டியவர். கப்பல் கப்பலாகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த பிறகு, ஒரு நாள் சாலையில் நடந்துகொண்டே இதை என்னிடம் சொன்னார்.

சுரங்க ஊர்கள் சேர்ந்து கால்பந்து லீக் தொடங்கிய முதல் வருடம். பருவத் தொடக்கத்தில் பெயர் கொடுத்தவர்கள்தான் கடைசிவரை ஆடலாம். மீறினால் ஊரையே நீக்கிவிடுவார்கள். ஜனவரியில் எங்கள் கோல்கீப்பர் ஆன்டனி ஸ்டாப்ஸ் பாறை சரிந்து செத்தான். சுரங்கச் சாவுகள் மலிந்திருந்த காலம், வெளியூரில் யார் பெயரை நினைவில் வைப்பார்கள்? அணியின் கேப்டன், மார்டியூவைக் கூப்பிட்டு, இனி நீதான் ஆன்டனி என்றார்.

மார்டியூ மறுத்துப் பார்த்தார். ஆனால் சனிக்கிழமை ஆட்டத்தைத் தவிர ஊருக்கு அப்போது வேறு சந்தோஷம் இல்லை. செத்தவனின் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். பந்தைப் பிடிக்கும்போதெல்லாம் கூட்டம் "ஆன்டனி" என்று கத்தும். ஆன்டனியின் அம்மா ஹன்னா கறுப்புச் சால்வையோடு கோலுக்குப் பின்னால் நிற்பாள்.

மார்ச்சில் ஓர் ஆட்டத்தில் எதிரூர்க்காரன் ஒருவன், "உசுரோட ஒருத்தனும் சிக்கலியா உங்களுக்கு? பொணத்த எழுப்பிக் கொண்டாந்து நிறுத்தியிருக்கீங்க" என்றான். லீக் செயலாளர் ரெயினின் காதில் அது விழுந்தது. ஆட்டம் முடிந்ததும் ஆன்டனியின் அம்மா யார் என்று விசாரித்து, ஹன்னாவிடமே போய், இது உன் மகன்தானா என்று கேட்டார்.

"பெத்தவளுக்குத் தெரியாதாங்க? எம் பிள்ளதான்" என்றாள் ஹன்னா. பிறகு மார்டியூவிடம், "வாடா, சாப்பாடு ஆறிப்போகுது."

ரெயின் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது? அவள் பின்னால் போனார்.

வாசலிலேயே பூட்ஸைக் கழற்றச் சொன்னாள். மகனின் நாற்காலியில் உட்காரவைத்து, பட்டாணி மசியலும் பன்றிக்கறியும் பரிமாறினாள். இனி நடிக்க வேண்டியதில்லை, ஊரைக் காப்பாற்றிவிட்டீர்கள் என்று சொல்லி அவர் எழுந்தார். தோளை அழுத்தி உட்காரவைத்தாள்.

"அன்னைக்குக் கீழ ரொம்ப வலிச்சுதாடா?"

பாறையை அகற்றப் போனவர்களில் மார்டியூவும் ஒருவர். உள்ளேயிருந்து ஆன்டனி கல்லால் தட்டிய சத்தத்தை, அது ஓய்கிறவரை கேட்டவர்.

"இல்லம்மா. ஒண்ணும் தெரியல. தூங்கிட்ட மாதிரி இருந்துச்சு."

அவர் தட்டில் இன்னொரு கரண்டி மசியல் வைத்தாள்.

நாங்கள் லீக்கில் தப்பினோம். அடுத்த பருவத்துக்குச் சொந்தப் பெயரைக் கொடுக்கச் சொன்னபோது, மார்டியூ ஆடவே முடியாது என்றுவிட்டார். ஆனால் ஹன்னா சாகும்வரை சனிக்கிழமை தவறாமல் அங்கே சாப்பிடப் போனார். ஒவ்வொரு முறையும் அவள் அதையே கேட்பாளாம்.