திறக்காத போத்தல்

போத்தலின் தக்கையைக் கழற்றக் கத்தியொன்றும் தேவைப்படவில்லை. முறுக்கியதும் வந்துவிட்டது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள் நான். தெரியாத திரவத்தை மூக்கருகே கொண்டுபோகக் கூடாது, கையால் வீசித்தான் மணக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்கு ஓயாமல் சொன்னவள். அந்தப் பழக்கத்தில், தேநீர்க் கிளாசில் இரண்டு கரண்டி விஸ்கியை ஊற்றிச் சாப்பாட்டு மேசையில் வைத்து, தள்ளியிருந்து கையால் வீசினேன். எழுபத்தோராம் வயதில், ஒரு சனிக்கிழமை பின்னேரம், உடுவில் வீட்டின் கதவைச் சாத்திக்கொண்டு இந்த வேலை. யாராவது படலையைத் திறந்து வந்திருந்தால் என் மானம் கப்பலேறியிருக்கும்.

முதலில் வந்தது ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் அறையின் மணம். அதன் பின்னால் புகை. புகையிலையை உலர்த்தப் போறணைச் சூளைக்குள் தூக்கிவிட்டுத் தேங்காய்ப் பொச்சை எரித்துப் புகை போடும்போது ஒழுங்கை முழுக்க நிற்குமே, அந்தப் புகை. நாக்கில் வைத்தபோது எரிந்தது. தொண்டை பற்றி இருமினேன். ஆனால் இருமல் அடங்கிய பிறகு வாயில் தங்கியது இனிப்பு. பாயாசத்தில் ஊறிய முந்திரிகை வற்றல், கூடவே பனம்பழக் களியைக் காயவைத்தெடுத்த பழைய பனாட்டு. குடிவகை என்றால் நாற்றம் என்று மட்டுமே அறிந்திருந்த எனக்கு அதிசயமாக இருந்தது. உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வீட்டில் நான் மட்டும்தான்.

இது என் கணவருக்கு மகன் கொண்டுவந்து கொடுத்தது. மெல்பேணிலிருந்து வந்தபோது விமான நிலையக் கடையில் வாங்கியிருந்தான். அவர் நில அளவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் வாசித்து அளந்து பார்க்காமல் விடமாட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெட்டியிலிருந்த எழுத்தெல்லாவற்றையும் வாசித்துவிட்டு, குசினி வாசலில் நின்று எனக்கு விளக்கம் சொன்னார். ஸ்கொட்லாந்தில் சதுப்பு நிலத்து மக்கிய மண்ணை வெட்டிக் காயவைத்து எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவார்களாம். வடித்தெடுத்ததை, ஷெரி என்ற ஸ்பானிய வைன் முன்பு இருந்த பீப்பாவில் வருடக்கணக்காக ஊறப்போடுவார்களாம். அந்தளவு புகையும் அந்தளவு பழமும் ஒன்றாகச் சேர்வது அபூர்வமாம். "மண்ணை எரிச்சுக் குடிக்கிற சனம்" என்று சொல்லிவிட்டு நான் தேங்காய் துருவினேன்.

அவர் குடிகாரர் அல்லர். மாதத்தில் ஒரு நாள், கூட்டாளிகள் மூவருடன் முன் விறாந்தையில் இரண்டு கிளாஸ், அவ்வளவுதான். அந்த மூவரில் ஒருவர் கனடா போனார், ஒருவர் காலமானார், மற்றவரைச் சீனி வருத்தம் பிடித்தது. "தனிய இருந்து குடிக்கிறவன்தான் குடிகாரன்" என்பது அவருடைய சட்டம். அதனால் மகன் கொடுத்த போத்தல் அலுமாரியில், மடித்த வேட்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்தது.

ஒரு பின்னேரம் அதை எடுத்து மேசையில் வைத்தார். தனக்கு ஒரு வெறும் கிளாஸ். மற்றக் கிளாசில் எனக்குத் தேசிக்காய்த் தண்ணீர். தானே பிழிந்து, சீனி போட்டு, ஒரு விதைகூட விழாமல் வடித்திருந்தார். "இஞ்சாருமப்பா, உதிலை கொஞ்சம் இரும். நீர் குடிக்க வேண்டாம். எதிரை இருந்தால் போதும்" என்றார்.

நான் வளர்ந்த வீடு அப்படி. கள்ளுத் தவறணை இருந்த ஒழுங்கையால் எங்கள் தகப்பனார் சைக்கிளில்கூடப் போகமாட்டார். "எனக்கு விளக்கு வைக்க வேணும்" என்று சொல்லி, அந்தத் தேசிக்காய்த் தண்ணீரை எடுத்துக்கொண்டுபோய்க் குசினியில் நின்றபடி குடித்தேன். விளக்கு வைக்க இன்னும் ஒரு மணித்தியாலம் இருந்தது. அலுமாரி சாத்தும் சத்தம் கேட்டது. அவர் கோபிக்கவில்லை, அதன்பிறகு கேட்கவுமில்லை. இரண்டு மாதத்தில் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் படைக்கும்போது, அவருடைய தம்பி "மச்சாள், அண்ணையின்ரை போத்தலையும் வைப்பமோ?" என்று கேட்டார். "எங்கடை வீட்டிலை உந்த வழக்கமில்லை" என்றேன். உயிரோடு இருக்கும்போது ஒரு தரம், செத்த பிறகு ஒரு தரம் மறுத்தேன். நினைத்தால் எனக்கே என்மேல் வெறுப்பாக இருக்கிறது.

வருடம் நிறைந்து ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. வேட்டிகளை யாருக்காவது கொடுப்போமென்று இன்று அலுமாரியைத் திறந்தபோதுதான் போத்தல் கையில் பட்டது.

ஐந்து மணிக்கு மகன் தொலைபேசியில் எடுத்தான். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்திருக்கும். "அப்பாவின்ரை போத்தலைத் திறந்தனான்" என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். "எப்பிடி இருக்கு?" என்று கேட்டான். புகை, வற்றல், பனாட்டு எல்லாம் சொன்னேன்.

"நானும் இப்ப அதைத்தான் வைச்சுக்கொண்டு இருக்கிறன், அம்மா. கராஜுக்குள்ளை. அவவுக்கு மணம் பிடிக்காது" என்றான்.

"தனியவோ?" என்று கேட்டேன்.

"ஓம்" என்றான்.

மருமகளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. வழக்கமாகப் பேரப்பிள்ளைகளின் படிப்பையும் அங்கத்தைய குளிரையும் விசாரித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வைத்துவிடுவேன். "போனை வையாதை. நீ குடி, நான் இருக்கிறன்" என்றேன். போனை மேசையில் சாய்த்து வைத்து, எதிரே கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவனுடைய கிளாசில் ஐஸ் இடிபடும் சத்தம் கேட்டது. அரை மணித்தியாலம் இருவரும் ஒன்றும் கதைக்கவில்லை. அவருக்கும் இவ்வளவுதான் வேண்டியிருந்தது.