திருக்கைவாலனுக்கு வயிறு போன கதை

குருநகரில் சிமியோன் என்று கேட்டால் நாலைந்து பேரைக் காட்டுவார்கள். திருக்கைவாலன் என்று கேட்டால் ஒருவனைத்தான் காட்டுவார்கள். ஐம்பதைத் தாண்டிய வயது, முன்பக்கம் முடி கழன்ற தலை, அதன்மேல் ஈரத் துவாய், மடித்துக் கட்டிய சாரம், சாரத்து முடிச்சுக்கு மேலே ஒரு வயிறு. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். கடலில் பிடித்த மீனை விற்கச் சிமியோன் சந்தைக்குள் வரும்போது வயிறுதான் முன்னே வரும். அதற்குப் பிறகு குரல் வரும். ஆள் கடைசியில்தான் வருவான்.

இந்த உருவத்தை ஒரு வீரனாக்கியவன் எமில்ராஜ். சிமியோனின் மனைவி யசிந்தாவுக்குத் தம்பி, பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறவன். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை ஒன்று அவனிடம் படக்கதை கேட்டது. எமிலுக்குக் கை திறம், கற்பனை கொஞ்சம் மட்டம். அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனவன், சாய்கதிரையில் கிடந்த அத்தானைப் பார்த்தான், அப்படியே படமாகக் கீறிவிட்டான். பெயர் திருக்கைவாலன். திருக்கை மீனின் வாலைக் காயவைத்துச் சவுக்காக்கி, வலைக் கள்ளரையும் என்ஜின் கள்ளரையும் விளாசுகிற வீரன். திருக்கைவால் அடி என்றதும் முதுகு கூசுகிற ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் உண்டு. அதனால் கதை உடனே பற்றிக்கொண்டது.

வீரனுக்கு மனைவி வேண்டும் அல்லவா? அதற்கும் எமில் அதிக தூரம் போகவில்லை. தன் அக்காவையே கீறினான். ஒவ்வொரு கிழமையும் திருக்கைவாலன் கள்ளனை மடக்கி வாலை ஓங்குகிற கட்டத்தில், குசினி வாசலில் நின்று அவள் கூப்பிடுவாள்: "இஞ்சேருங்கோ, சோறு ஆறுது!" அவ்வளவுதான். கடலையே கலக்குகிற வீரன் கள்ளனைக் கட்டிப்போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடுவான். பாதிச் சனம் அந்த ஒரு வரிக்காகவே பேப்பர் வாங்கியது.

சிமியோனுக்குத் தலை கால் தெரியவில்லை. சொந்தப் பெயர் போய்ப் பட்டப்பெயரே பெயராகிவிட்டது. பாரிசில் இருக்கிற சொந்தக்காரர்கூட "திருக்கைவாலன் எப்பிடி இருக்கிறார்?" என்றுதான் விசாரித்தார்கள். வேதக்கோயில் பெருநாளில் பரிசு கொடுக்க மேடைக்குக் கூப்பிட்டார்கள். படித்துப் பட்டம் வாங்காதவன், மீனவர் சங்கத்தில் தலைவர் தேர்தலுக்கு நின்று தோற்றவன். அவனுக்கு இந்த உலகத்தில் சொந்தமாகக் கிடைத்த ஒரே சிறப்பு அந்த மூன்றங்குலப் படம்தான். அவன் அதை யசிந்தாவிடம் வாய்விட்டே சொல்லுவான். "எனக்கெண்டு இருக்கிறது உந்தப் பேர் ஒண்டுதானப்பா."

அப்படி இருக்கும்போதுதான் கனடாவில் இருந்து ஜெயரூபன் என்றொருவன் படம் எடுக்க வந்து சேர்ந்தான். திருக்கைவாலன் கதையைப் படமாக்கப் போகிறானாம். சிமியோன் முகம் வழித்து, புதுச் சாரம் கட்டி, வேறு யார் நடிப்பது என்ற தைரியத்தில் போய் நின்றான். ஜெயரூபன் அவனை மேலிருந்து கீழாகப் பார்த்து, நடுவில் கொஞ்ச நேரம் தங்கி, "அண்ணை, உங்கடை ஆசி மட்டும் இருந்தால் காணும்" என்று கையைப் பிடித்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டான்.

படம் வந்ததும் சிமியோன் வீட்டு ஒழுங்கையில் இருந்த சனம் முழுக்க வாடகை வான் பிடித்துப் போய்ப் பார்த்தது. திரையில் ஆறடியில் ஒருவன் வந்தான். கொக்குவில் பெடியன், பெயர் நிருஷன். தாடி. யாழ்ப்பாணத்து வெயிலில் கறுத்த தோல் ஜக்கெற், ஜீன்ஸ். ஜக்கெற்றைக் கழற்றினால் வயிறு இருக்க வேண்டிய இடத்தில் பேக்கரிப் பாணை வெட்டி அடுக்கியதுபோல ஆறு துண்டு. கையில் திருக்கைவால், அதிலும் நீல வெளிச்சம். மனைவி இல்லை. கடற்கரையில் பாட்டுக்கு ஆடுகிற ஒரு மெல்லிய பெட்டை இருந்தாள்.

"உவன் ஆர்?" என்று சிமியோன் இருட்டுக்குள் கேட்டான்.

"நீங்கள்தான்" என்றாள் யசிந்தா.

படம் வேறு, பேப்பர் வேறு என்று சிமியோன் மனதைத் தேற்றிக்கொண்டான். பேப்பரில் இருக்கிறது நான்தானே. ஆனால் பிள்ளைகள் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கிவிட்டார்கள்: இந்த மொட்டை அங்கிள் யார், உண்மையான திருக்கைவாலனைப் போடுங்கள். பத்திரிகை ஆசிரியர் எமிலைக் கூப்பிட்டு, "ஒரேயடியா வேண்டாம், ஆருக்கும் தெரியாத மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமா மாத்து" என்றார். ஆருக்குத் தெரியாவிட்டாலும் சிமியோனுக்குத் தெரியாதா? முதலில் வயிறு உள்ளே போனது. கேட்டதற்கு, "அச்சுப் பிழை அத்தான்" என்றான் எமில். அடுத்து வந்ததில் தலையில் முடி முளைத்தது. "லைற் இல்லாமல் கீறினது." பிறகு சாரம் ஜீன்ஸாகிவிட்டது. அதற்குச் சொல்ல எமிலிடம் பொய் கைவசம் இல்லை. அக்கா வீட்டுப் பக்கம் வருவதையே விட்டுவிட்டான்.

சந்தையில் தாயோடு வந்த சின்னப் பெட்டை ஒருத்தி சிமியோனைக் காட்டி, "அம்மா, இந்த அங்கிள் திருக்கைவாலன் மாதிரி வேசம் போட்டிருக்கிறார். ஆனால் சரிவரேல்லை" என்றாள். மீன் வெட்டிக்கொண்டிருந்த சிமியோன் கத்தியைக் கீழே வைத்துவிட்டான். அன்றைக்கே பேப்பர் வாங்குவதை நிறுத்தினான். அந்தத் துரோகக் கடதாசி இனி வீட்டு வாசல் படலை தாண்டக்கூடாது என்று சத்தியம் பண்ணினான்.

அத்தோடு நின்றிருந்தால் புத்திசாலி. தாடி வளர்த்தான். வளர்ந்தது வெள்ளையாக இருக்க, அதற்குக் கறுப்பு மை பூசினான். அரைக் காற்சட்டையும் உடம்போடு ஒட்டிய பெனியனும் வாங்கினான். விடியப் பண்ணைக் கடற்கரைக்கு நடக்கப் போனான். இரவுப் பிட்டைப் பாதியாக்கினான். நடுச்சாமத்தில் பானையில் கை விட்டதை யசிந்தா கண்டும் காணாமல் விட்டாள். "படத்துக்கு ஏத்தமாதிரிப் பேப்பர் மாறுது, பேப்பருக்கு ஏத்தமாதிரி மனுசன் மெலியிறார்" என்று மட்டும் சொன்னாள். "என்ரை சோறு ஆறுறதைப் பற்றித்தான் ஒருத்தருக்கும் கவலையில்லை."

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து வந்ததும் யசிந்தா, "தலை சுத்துது. கொஞ்சம் நில்லுங்கோவன்" என்றாள். ஞாயிறு கடலுக்குப் போகாத நாள். கூடுதலாக நடக்கலாம் என்று சிமியோன் கணக்குப் போட்டிருந்தான். "ஒரு பிளேன்ரீயைக் குடிச்சிட்டுப் படு" என்று சொல்லிவிட்டு, போனையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் பண்ணைக்குப் போனான்.

அங்கே இளைக்க இளைக்க நடந்துகொண்டிருந்தவனுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கோப்பாய்ப் பஞ்சலிங்கம். தோட்டக்காரன், விரத நாள் தவிர மற்ற நாளெல்லாம் சிமியோனிடம் மீன் வாங்குகிறவன். சைக்கிளின் பின்னால் ஒரு வாழைக்குலை கட்டியிருந்தது.

"அண்ணை, நீங்கள் இஞ்சை நிண்டால் அங்கை அலுவலுகளை ஆர் பாக்கிறது?" என்று ஹெல்மெற்றைக் கழற்றியபடி கேட்டான்.

"என்ன அலுவல்?"

பஞ்சலிங்கம் போனை நீட்டினான். கறுப்புக் கரை போட்ட மரண அறிவித்தல். நடுவில் யசிந்தாவின் முகம். 'குருநகரைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி திருக்கைவாலன் அவர்கள் காலமானார். அன்னார் திருக்கைவாலனின் அன்பு மனைவியாவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும்.'

காலையில் தேத்தண்ணி வைத்தவளுக்கு அதற்குள் அறிவித்தல் எப்படி வரும் என்று யோசிக்கலாம்தான். அந்த நேரத்தில் நின்று யோசிக்கிறவனுக்கு மனுசியில் அன்பில்லை என்று அர்த்தம். சிமியோன் ஓடத் தொடங்கினான். தலை சுத்துது என்று சொன்னாளே, நிற்கச் சொன்னாளே, நான் வயிறு குறைக்க வந்தேனே. பஞ்சலிங்கம் பின்னாலேயே வந்து பாம் பாம் என்று கோன் அடித்து, "அண்ணை, ஏறுங்கோ! சைக்கிளிலை ஏறுங்கோ!" என்று கத்தினான். சிமியோனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. வியர்வையில் தாடி மை கரைந்து நெஞ்சுவரை கறுப்பாக வழிந்தது. கடற்கரை வீதி முழுக்க ஒருவன் ஓட, ஒரு மோட்டார் சைக்கிள் வாழைக்குலையோடு அவனைத் துரத்தியது.

ஒழுங்கை முகப்பில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். கோயிலில் துக்கமணி அடித்தது. வீட்டு முற்றம் நிறையச் சனம். சிமியோன் ஆட்களை விலத்திக்கொண்டு உள்ளே பாய்ந்தான். நடு அறையில் வெள்ளைச் சேலை கட்டிக் கதிரையில் யசிந்தா இருந்தாள். கையில் பிளேன்ரீக் கோப்பை.

"வந்திட்டியளோ? செத்தது ஆரெண்டு கேளுங்கோ பாப்பம்" என்றாள்.

நடந்தது இதுதான். படத்து வீரன் கலியாணம் கட்டாதவன். பேப்பர் வீரனுக்கு மட்டும் மனைவி இருந்தால் கதை ஒட்டாது, இந்தக் கிழமையே அவளை முடித்துவிடு என்று ஆசிரியர் சொல்லிவிட்டார். அதே கிழமை விளம்பரம் ஒன்று வந்து படக்கதையின் இடத்தையும் தின்றுவிட்டது. எமிலுக்கு மிஞ்சியது ஒரே கட்டம். ஒரே கட்டத்தில் ஒருத்தியைச் சாகடிக்க யாழ்ப்பாணத்தில் மரண அறிவித்தலை விட்டால் வேறு வழி ஏது? நாங்கள் செத்தவர் ஆர் என்று பார்க்கப் பேப்பரைப் பின்பக்கத்தில் இருந்து படிக்கிற சாதியல்லவா? அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து அக்காவின் முகத்தை அச்சொட்டாகக் கீறிக் கறுப்புக் கரை போட்டுவிட்டான். யாரோ ஒரு புண்ணியவான் அதை மட்டும் போனில் படம் பிடித்துப் பரப்பினான். பாரிசில் அழத் தொடங்கினார்கள். வட்டுக்கோட்டையில் கிறிஸ்ரினா மாமி அழுதபடி கோயிலுக்குப் போன் எடுக்க, மணி அடிக்கிறவர் விசாரிக்காமல் கயிற்றைப் பிடித்துவிட்டார். மணிச் சத்தம் கேட்ட யசிந்தா, பாவம், ஆரோ செத்துப்போச்சுது என்று வெள்ளைச் சேலை கட்டிப் புறப்பட்டு, தன்னைப் பார்க்க வந்த சனத்தை ஒழுங்கையில் சந்தித்தாள்.

சிமியோனுக்கு இது எதுவும் காதில் ஏறவில்லை. அவள் காலடியில் தொப்பென்று இருந்து, ஊர் பார்க்க, மை வழிந்த முகத்தை அவள் மடியில் வைத்துக் குழறி அழுதான். "என்னை விட்டிட்டுப் போட்டாய் எண்டு நினைச்சனடி." யசிந்தா முதலில் வெள்ளைச் சேலையைப் பார்த்தாள், அது பாழ். பிறகு அவன் மொட்டைத் தலையில் கையை வைத்தாள். அவளுக்கும் கண் கலங்கிவிட்டது.

பின்னேரம் எமில் வந்தான். படலைக்கு வெளியிலேயே நின்று கதைத்தான்.

"அத்தான், அக்காவை வேறை என்ன செய்யிறது? விவாகரத்து எண்டு கீறினால் கோயில் சுவாமியார் விடமாட்டார்."

"உள்ளை வாடா."

"நான் ஆசிரியரோடை கதைச்சிட்டன். சனம் ஏசுறதிலை அவரும் பயந்துபோனார். வயிறு, மொட்டை, சாரம், எல்லாத்தையும் பழையபடி கீறித் தாறன். நீங்கள்தான் திருக்கைவாலன்."

ஒரு கிழமைக்கு முன்னர் இந்தச் சொல்லைக் கேட்டிருந்தால் சிமியோன் அவனைத் தூக்கிக்கொண்டு ஆடியிருப்பான். இப்போது கையை வீசினான்.

"என்னை என்னெண்டாலும் செய்யடா. ஜீன்ஸைப் போடு, தாடியை வை, வேணுமெண்டால் செட்டை வைச்சுப் பறக்க விடு. இவளை எழுப்பு."

குசினிக்குள் இருந்து யசிந்தாவின் குரல் வந்தது. "தம்பி, எழுப்புறதெண்டால் படத்திலை ஆடின பிள்ளை மாதிரி எழுப்பு. இடுப்பைக் கொஞ்சம் குறை. உந்த நரையையும் எடுத்துவிடு."

சிமியோன் எழும்பி எமிலின் தோளைப் பிடித்தான். பிடி இறுகியது.

"ஒரு கோடு மாத்தினாய் எண்டால் பிறகு இந்த வீட்டிலை உனக்குச் சோறில்லை."

இப்போது அந்தப் பேப்பரை விரித்தால், ஆறு துண்டு வயிறும் தோல் ஜக்கெற்றுமாக ஓர் இளந்தாரி நீல வெளிச்ச வாலை ஓங்கி நிற்பான். குசினி வாசலில் நரைத்த கொண்டையும் அகன்ற இடுப்புமாக ஒருத்தி நின்று சோறு ஆறுது என்று கூப்பிடுவாள். அவனும் ஓடுவான். எப்படிச் செத்தாள், எப்படி எழும்பினாள் என்று எமில் ஒரு வரியும் எழுதவில்லை.

போன கிழமை பள்ளிக்கூடத்துப் பிரசாந்தி ரீச்சர் மீன் வாங்க வந்தவர் அவளைப் பற்றித்தான் கேட்டார்.

"ஏனண்ணை, திருக்கைவாலனைச் சாப்பிடக் கூப்பிடுறது அவன்ரை தாயோ?"

"தாயில்லை, மனுசி" என்றான் சிமியோன், செதிலைச் சீவியபடி.

"அந்தப் பெடியனுக்கோ?"

"அவனுக்கில்லை ரீச்சர், எனக்கு."