கிளம்பாதவருக்கு ஒரு பிரிவுபசாரம்

ஹெஸ்டர் லார்க்கம் என் கடைக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை வருவாள். காலையில் தீப்பெட்டி, மத்தியானம் ஒரே ஒரு தபால்தலை, நாலு மணிக்கு உப்பு. எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்கிக்கொண்டால் என்ன என்று நான் கேட்டதில்லை. வீட்டில் இருப்புக் கொள்ளாதவளுக்கு வெளியே வர ஒரு சாக்கு வேண்டும், அதற்குத் தீப்பெட்டிக்கு என்ன குறைச்சல்? எங்கள் பெக்லி கிராமத்தில் கடையும் நான்தான், தபால் ஆபீசும் நான்தான். ஊரில் யார் எத்தனை தடவை தெருவைக் கடக்கிறார்கள் என்பது எனக்கு அத்துப்படி.

இது நடந்தபோது அவளுக்கு ஐம்பத்தொரு வயது. குதிரைச் சேணம் தைத்த லார்க்கமின் ஒரே மகள், பிறந்த வீட்டிலேயே இன்னும் இருந்தாள். இருபத்தெட்டு வயதில் கனடாவில் ஒரு பள்ளிக்கூட வேலைக்கு எழுதிப் போட்டு, வேலையும் கிடைத்து, பெட்டியும் கட்டிவிட்டாள். அந்த வாரம் பார்த்து அப்பா ஏணியிலிருந்து விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். நீ போம்மா, நான் எப்படியோ சமாளித்துக்கொள்கிறேன் என்றாராம். அப்படி ஒருவர் சொன்ன பிறகு யார் போவார்கள்? அவர் எப்படியோ சமாளித்துப் பதினேழு வருஷம் உயிரோடு இருந்தார். அவள் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலேயே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள்.

அப்பா போனபின் ஹெஸ்டரின் கால் ஓரிடத்தில் தரிக்கவில்லை. சாப்பாட்டு மேஜையை ஜன்னலோரம் இழுப்பாள், ஒரு வாரத்தில் சுவரோரம் தள்ளுவாள். நல்ல சுவர்க் காகிதத்தைக் கிழித்துவிட்டு அதே நிறத்தில் புதிதாக ஒட்டுவாள். மழை, பனி எதையும் பார்க்காமல் ஆடு மேயும் குன்றில் ஏறி அந்தப் பக்கம் இறங்கித் திரும்பி வருவாள். கோயிலில் பிரசங்கம் பாதியில் இருக்கும்போதே எழுந்து பாட்டுப் புத்தகங்களை அடுக்கப் போய்விடுவாள். பார்க்கிற எனக்கே சில நாள் மூச்சு வாங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறாம் வருஷம் மார்ச் மாதம் ஐவர் ப்ராஸர் எங்கள் ஊருக்கு வந்தார். வேல்ஸ் தேசத்துக்காரர். மனைவியை இழந்தவர். எங்கள் கல்லறைத் தோட்டத்துக் கற்களில் படர்ந்திருக்கும் கல்பாசியை வகைவகையாகப் பிரித்துப் படம் வரைந்து எழுத வந்தவர். இது எங்களுக்குத் தெரியவே ஆறு வாரம் ஆயிற்று. முன்பின் தெரியாத ஒருவர் தினமும் நம் தாத்தாவின் சமாதி முன்னால் மண்டி போட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தால், வேறு ஊராக இருந்தால் என்னய்யா பண்ணுகிறாய் என்று கேட்டிருப்பார்கள். எங்கள் ஊரில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு. போகிற வருகிறவர்கள் எல்லாம் அவருடைய முதுகைப் பார்த்து, இன்றைக்கு வெயில் தோதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எதற்குத் தோது என்று அவர்களுக்கும் தெரியாது.

ஊர் மதுக்கடையின் மாடி அறை ஒழுகியதால் பாதிரியார் அவரை ஹெஸ்டர் வீட்டில் தங்க வைத்தார். இரண்டு வாரம் என்று பேச்சு. இரண்டு வாரம் ஏழு மாதம் ஆனது. இத்தனைக்கும் எங்கள் கல்லறைத் தோட்டம் ஒரு வீட்டுக் கொல்லை அளவுதான் இருக்கும்.

ஹெஸ்டர் கடைக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை வர ஆரம்பித்தாள். மேஜை ஜன்னலோரமே நின்றது. பிரசங்கம் முடியும் வரை உட்கார்ந்திருந்தாள், அவ்வளவு பொறுமை பாதிரியாருக்கே கிடையாது. சாயங்காலங்களில் அவர் பாசிகளின் பெயரைச் சொல்லச் சொல்ல, அவள் பள்ளிக்கூடக் கையெழுத்தில் சீட்டு எழுதி ஒட்டுவாள். ஜன்னல் வழியாக நான் பார்த்திருக்கிறேன். ஆமாம், நின்று பார்த்தேன். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை எட்டு மணிக்கு வந்து தீப்பெட்டி வாங்கினாள். ஒன்பது மணிக்குத் தபால்தலை. பத்து மணிக்கு உப்பு. என்னம்மா விஷயம் என்று மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கேட்டேன்.

காலை உணவின்போது ப்ராஸர், "உங்களுக்கு இன்னும் எத்தனை நாள்தான் தொந்தரவு குடுக்கறது" என்று சொல்லியிருக்கிறார். இவள், "உங்க சௌகரியம் எப்படியோ அப்படி" என்றிருக்கிறாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு முட்டையை உடைத்தாராம். அவ்வளவுதான்.

இந்த இடத்தில் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எங்களுக்கு வேண்டியதை வேண்டும் என்று கேட்க வராது. ஒரு துண்டு கேக் நீட்டினால் இரண்டு தரம் வேண்டாம் என்போம், மூன்றாம் தரம் வாங்கிக்கொள்வோம். வீட்டுக்கு வந்தவர் தொந்தரவு என்று சொன்னால், ஐயோ அதெல்லாம் ஒன்றும் இல்லை என்று இழுத்து உட்கார வைப்போம். அந்த ஒரு பதிலைச் சொல்ல வேண்டிய நேரத்தில் ஹெஸ்டர் சொல்லவில்லை.

நானாவது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அன்றைக்கு மத்தியானம் பாதிரியாரின் மனைவி திருமதி ஃபேன்ஷா கடைக்கு வந்தார். மிஸ்டர் ப்ராஸர் கிளம்புகிறாராம், பாவம் ஹெஸ்டர் என்று சொல்லிவிட்டேன். ஹெஸ்டர் பாவம் என்பது அவர் காதில் விழவில்லை. கிளம்புகிறார் என்பது மட்டும் விழுந்தது. அவரிடம் ஒரு கமிட்டி எப்போதும் தயாராக இருக்கும்.

புதன்கிழமைக்குள் எல்லாம் முடிவாகிவிட்டது. சனிக்கிழமை இரண்டு மணிக்குச் சபைக் கூடத்தில் தேநீர் விருந்து, நாலு மணி பஸ்ஸில் வழியனுப்பு. ஊரார் சேர்ந்து, மழை வருமா வெயில் வருமா என்று காட்டும் ஒரு சுவர் பாரமானி வாங்கினார்கள். அதன் அடியில் ஒரு பித்தளைத் தகடு, தகட்டில் அவர் பெயர், ஊர்ப் பெயர், கிளம்பும் தேதி. ஒரு மனிதருக்குத் தான் எப்போது கிளம்புகிறோம் என்பதே தகட்டைப் படித்துத்தான் தெரிந்தது என்றால் நம்புவீர்களா?

அன்று கூடத்தில் முட்டை சாண்ட்விச், வெள்ளரி சாண்ட்விச், மூன்று கேக். பாதிரியார் பேசினார். ப்ராஸர் பாரமானியைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தான் இதைக் கொஞ்சமும் எதிர்பார்க்கவில்லை என்றார். என்ன அடக்கம் என்று எல்லாரும் கைதட்டினார்கள். ஹெஸ்டர் உட்காரவே இல்லை. பெரிய கெட்டிலைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாகப் போய், நிரம்பிய கோப்பைகளிலும் தேநீர் ஊற்றினாள்.

பஸ் ஏறும் இடத்துக்கு அவள் வரவில்லை. பாத்திரம் கழுவ வேண்டுமாம். நாங்கள் முப்பது பேர் போய் நின்றோம். ப்ராஸர் அவசரமாகக் கட்டிய பெட்டியை ஏற்றிவிட்டுப் படியில் கால் வைத்தவர், என் பக்கம் குனிந்தார்.

"மிஸஸ் டிரிக், நான் போகணும்னு மிஸ் லார்க்கம் எப்ப சொன்னாங்க? என்கிட்டயே சொல்லியிருக்கலாமே. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. முப்பது பேரும் கையசைத்தார்கள். அவரும் மரியாதைக்குக் கையசைத்துக்கொண்டே போனார்.

என் உடம்புக்கு ஓட்டம் ஒத்து வராது. ஆனாலும் ஓடினேன். ஹெஸ்டர் கூடத்துச் சமையலறையில் தொட்டிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றாள்.

"ஹெஸ்டர், அவருக்குப் போற எண்ணமே இல்லடி. நீ அனுப்புறேன்னு நினைச்சுக்கிட்டுப் போறாரு."

"நான் அனுப்பலையே."

"இருங்கன்னு சொன்னியா?"

அவள் ஒரே கோப்பையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள். "எங்கப்பா என்னைப் பிடிச்சு வச்சாரு, மேபல். இன்னொருத்தரை நான் அப்படிப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்தில் எதிரில் இருந்த தட்டுகளை எல்லாம் உடைத்திருப்பேன். "உங்கப்பா எங்கடி இருன்னு கேட்டாரு? போம்மான்னுல்ல சொன்னாரு. வாய் விட்டுக் கேட்டிருந்தா நீ ஆமாம்னோ முடியாதுன்னோ ஒரு பதில் சொல்லியிருப்பே. கேக்காமயே உன்னை உட்கார வச்சுட்டாரு. நீ இப்ப கேக்காமயே இவரைத் துரத்திட்டே."

அவள் தொட்டியிலிருந்து கையை எடுத்தாள். கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள். இடுப்பில் கட்டிய ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் பின் கதவு வழியாக வெளியே போனாள்.

எங்கள் பஸ் நேராகப் போகாது. ஆலையைச் சுற்றி, இரண்டு குக்கிராமங்களில் நின்று, குன்றின் அந்தப் பக்கம் உள்ள நாற்சந்திக்கு வந்து சேர முக்கால் மணி ஆகும். குன்றைத் தாண்டினால் இருபது நிமிஷம், அதுவும் ஹெஸ்டரின் காலுக்கு. என் காலுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள். ஆடுகள் விலகி வழிவிட்டன, நான் இரண்டு இடத்தில் தவழ்ந்தேன். என் வாயால் வந்த வினை, அது எப்படி முடிகிறது என்று பார்க்காமல் வீட்டுக்குப் போக முடியவில்லை.

நான் இறங்கும்போது அவள் நாற்சந்தியில் நடு ரோட்டில் நின்றிருந்தாள். கை ஈரம்கூடக் காயவில்லை. இந்தப் பக்கம் நாலு அடி, அந்தப் பக்கம் நாலு அடி என்று நடந்தாள். பஸ் வந்தது. கையை உயர்த்தினாள். நின்றது. கண்டக்டர் ஏறும்மா என்றான். நான் ஏற வரவில்லை என்று சொல்லிவிட்டு ஏறினாள். படியில் நின்றபடி எல்லாரும் பார்க்கப் பேசினாள்.

"மிஸ்டர் ப்ராஸர், நீங்க போறது எனக்குப் பிடிக்கல. திங்கக்கிழமையே சொல்லியிருக்கணும். எனக்குச் சொல்லத் தெரியல. எங்கூடவே இருக்கீங்களா? மாட்டேன்னு சொன்னாலும் பரவால்ல. நான் கேட்டுட்டேன்."

பஸ்ஸில் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். வெளியே பார்க்க என்னைத் தவிர ஒன்றும் இல்லை. கண்டக்டர் மணிக் கயிற்றில் கை வைத்தான். கோழிக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு கிழவி, "கொஞ்சம் பொறு தம்பி, அவரு பதில் சொல்லட்டும்" என்றாள்.

ப்ராஸர் எழுந்தார். மடியில் பாரமானி இருந்ததை மறந்து எழுந்ததால் கிழவிதான் அதைப் பிடித்தாள்.

"அன்னைக்கு நீங்க போக வேண்டாம்னு சொல்லுவீங்கன்னுதான் அப்படிச் சொன்னேன், மிஸ் லார்க்கம்" என்றார். "கல்பாசி வேலை ஜூன் மாசமே முடிஞ்சிருச்சு."

அவர் பெட்டியோடு பஸ்ஸை விட்டு இறங்கியதும், திரும்பும்போது குன்று வழியாகவே போகலாம், ஒருவர் கண்ணிலும் படாமல் பின் வாசலுக்குப் போய்ச் சேரலாம் என்று யோசனை சொன்னேன். ஊரையே அழைத்து வழியனுப்பிய மனிதரை அதே சாயங்காலம் திரும்பக் கூட்டி வருவது என்றால் சும்மாவா? எனக்கே முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஹெஸ்டர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டு ஊருக்குப் போகும் நேர் ரோட்டில் இறங்கி நடந்தாள். பெட்டியின் ஒரு பக்கம் அவர் கையில், மறுபக்கம் அவள் கையில். பாரமானியைத் தூக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சபைக் கூடத்தின் வாசலில் கமிட்டி முழுவதும் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் ஒரு நாற்காலியும் அசையவில்லை. ஹெஸ்டர் ஒதுங்கிப் போகாமல் அவர்கள் முன்னால் போய் நின்றாள். திருமதி ஃபேன்ஷா மேஜை விரிப்பை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாக, மிஸ்டர் ப்ராஸர் எதையாவது மறந்துவிட்டுப் போய்விட்டாரா என்று கேட்டார்.

"இல்ல மிஸஸ் ஃபேன்ஷா" என்றாள் ஹெஸ்டர். "நான்தான் அவரை இருக்கச் சொல்லிக் கேட்டேன்."