முன் ரூமுக்கு வந்தவர்கள்

சித்தூரிலிருந்து திருப்பதிக்கு நாங்கள் குடிவந்தது எழுபதுகளின் நடுவில். பசங்க நைனாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை மாற்றலாகிவிட்டது. ‘என் கணவர்’ என்று எழுதக் கை கூசுகிறது. அவரை வாழ்நாளெல்லாம் பசங்க நைனா என்றே சொன்னவள் நான்.

வீடு என்றால் முன்னாடி ஒரு ரூம், உள்ளே ஒரு ரூம். நாலு குடித்தனத்துக்கு ஒரு கிணறு. சித்தூரில் காய்க்கு ஒரு விலை இருந்தது. இங்கே மலைக்கு வருகிற பஸ்ஸைப் பார்த்து விலை சொன்னார்கள். கத்திரிக்காய்க்காரம்மாவிடம் குறைக்கச் சொன்னால், “கூட்டம் எறங்கட்டும், அப்புறம் வந்து கேளு தாயி” என்பாள். அது எப்போது இறங்கியது?

ஓனர் இரண்டு தெரு தள்ளி இருந்தார். தெலுங்குக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணிவிட்டுத்தான் உள்ளே வருவார். ஒரு ஜோடி கூடினாலும், “கிணத்துல தண்ணி எறங்குதும்மா, யாரு வந்திருக்காங்க?” என்று ஆரம்பித்துவிடுவார். வெளியாளைத் தங்க வைத்தால் காலி பண்ண வேண்டும் என்பது முதல் நாளே சொன்ன பேச்சு.

அந்தப் புரட்டாசியில் வாடகையில் பதினைந்து ரூபாய் ஏற்றினார். “முடியாதுன்னா சொல்லிடுங்க. லாட்ஜ்ல வேலை செய்யறவங்க நாலு பேரு கேட்டுக்கினே இருக்காங்க. மாசம் பொறந்ததும் வரேன்.” பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்து நாலு மாசம் கூட ஆகவில்லை. வேறு வீடு தேடினால் அதற்கு அட்வான்ஸ் யார் தருவது?

பக்கத்துப் போர்ஷனில் பூ கட்டுகிற அக்காதான் வழி சொன்னாள். “சனிக்கிழமைக்கு ஜனம் எடமில்லாம ரோட்ல படுத்துக்கினு கெடக்குது. முன் ரூமை ரெண்டு நாளைக்கு வுடு. ஊரே அப்படித்தான் பொழைக்குது.”

பசங்க நைனா, “பேச்சு வந்தா நீதான் நிக்கணும்” என்றார். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தார்கள். ஆற்காடு பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி, கூட அவன் அம்மா. வேண்டுதலுக்கு வெறுங்காலில் நடந்து வந்தவர்கள். வாசலில் செருப்பே இல்லை, எனக்கு அதுவே பெரிய நிம்மதி. அந்தப் பெண்ணுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. சனிக்கிழமை விடியலில் நான்தான் அதை வாரிப் பின்னிவிட்டேன். மூட்டையை என்னிடம் விட்டுவிட்டு மலை ஏறினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பசங்க நைனா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சர்ச்சுக்கு ஆராதனைக்குப் போனார். மலைக்குப் போனவர்கள் இறங்கி வந்து மூட்டை கேட்பார்களே என்று நான் மட்டும் நின்றுவிட்டேன். பத்து மணிக்கு வாசலில் குடை தெரிந்தது. ஓனர். மாசம் பிறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது.

செருப்பை எண்ணினார். என்னுடைய ஒரு ஜோடிதான். முன் ரூமில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஏமம்மா, கோயிலுக்குப் போவலியா?”

“தலைவலிங்க.”

மூட்டை கட்டிலுக்கு அடியில் இருந்தது. போர்வையை இழுத்து மறைத்திருந்தேன். அவர் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், வாடகைக்கு என்ன பதில் என்று கேட்டார். தருகிறோம் என்று சொன்னேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை. எழுந்து போய்விடுவார், இன்னும் ஒரு நிமிஷம்தான் என்று காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன்.

அப்போது வாசலில் மூன்று மொட்டைத் தலைகள். சந்தனம் பூசி, மூன்றும் ஒரே மாதிரி. ரூம் கேட்டு வந்த புது ஜனம் என்றே நினைத்தேன். ஓனர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்கிற வேகத்தில், “இங்க ரூமெல்லாம் வுடறதில்ல. போங்க போங்க” என்று கதவை இழுத்தேன்.

நடுவில் இருந்த மொட்டை ஒரு கையால் கதவைப் பிடித்தது.

“அக்கா, நான்தான். நேத்து விடிகாலைல நீதானே பின்னி வுட்டே. மூட்டைய எடுத்துக்கறோம்.”

அந்தப் பெண்ணின் கண்ணைப் பார்த்தேன். அதே கண்தான். முடியைத் தவிர நான் அவளிடம் எதையுமே பார்த்து வைக்கவில்லை.

ஓனர் சத்தம் போடவில்லை. நிதானமாக அந்தப் பெண்ணிடம், “ரெண்டு நாளைக்கு எவ்ளோம்மா குடுத்தீங்க?” என்று கேட்டார்.

“பத்து ரூபாங்க. அக்கா தண்ணி கூட வெந்நீரா குடுத்தாங்க” என்றாள் அவள், எனக்கு நல்லது செய்வதாக நினைத்து.

அவர்கள் மூட்டையோடு போனபிறகு, அவர் உள் ரூம் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார்.

“வெள்ளிக்கிழமையிலிருந்து நாலு பேரும் இதுலதான் படுத்தீங்க?”

“ஆமாங்க. எங்களைக் காலி பண்ணச் சொல்லிடாதீங்க. பசங்க படிக்கிறாங்க.”

“எதுக்குச் சொல்றேன்? இது போதும்னு நீங்களே காட்டிட்டீங்களே. பழைய வாடகையே குடுங்க, ஏத்தல. முன் ரூமை நான் எடுத்துக்கறேன்.” குடையை விரித்துக்கொண்டு இறங்கினார்.

ஆராதனை முடிந்து வந்த பசங்க நைனா, நான் சொன்னதெல்லாம் கேட்டார். நீதான் நிக்கணும் என்று முன்பு சொன்னதை ஞாபகப்படுத்தவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுக் கட்டிலை உள்ளே இழுத்தார். உள் ரூம் வாசலில் அது நுழையவில்லை. கட்டில் காலைக் கழற்றி, சட்டத்தைச் சாய்த்து நுழைத்தோம். மறுநாளிலிருந்து நாங்கள் கிணற்றுப் பக்கம் சுற்றி, பின்கதவு வழியாகத்தான் வீட்டுக்குள் வந்தோம்.

அந்தப் பத்து ரூபாயில் ஆசாரியைக் கூப்பிட்டு, இரண்டு ரூமுக்கும் நடுவிலிருந்த கதவுக்கு எங்கள் பக்கம் ஒரு தாழ்ப்பாள் போட்டோம்.