டாக்டர் வண்டி

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு புதுக் கார் ஷோரூமுக்குப் போய், ஒரு காரின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தேன். நானாக உட்காரவில்லை, மனைவி உட்காரச் சொன்னாள். பிளாஸ்டிக், ரப்பர், பசை எல்லாம் கலந்த ஒரு வாசனை குப்பென்று அடித்தது. "புது வண்டி வாசனை சார், இதுக்கே வாங்கலாம்" என்றார் விற்பனையைக் கவனித்த இளைஞர். விலையைக் கேட்டேன். எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காலத்தில் தோட்டத்தோடு வீடு வாங்கிய பணத்தைச் சொன்னார்.

எனக்கு எதையும் துருவித் துருவிக் கேட்கும் பழக்கம் உண்டு. அதனாலேயே என்னோடு கடைக்கு வர வீட்டில் யாருக்கும் பிரியமில்லை. ஏன் தம்பி இம்புட்டு விலை என்று ஆரம்பித்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: மோதினால் விரியும் காற்றுப்பைகள், முன்னால் டிவி மாதிரி ஒரு திரை, பின்னால் கேமரா, புகையை அடக்க ஒரு பெட்டி, சக்கரம் வழுக்காமலிருக்க இன்னொரு பெட்டி. பாதி சட்டம் கேட்கிறது, மீதி நாம் கேட்கிறோம். "முன்னால இன்ஜினும் தகரமுந்தான் சார். இப்ப பாதி கம்ப்யூட்டர்." அதற்கு மேல் 'எக்ஸ் ஷோரூம்' விலை என்று ஒன்று, வரியும் பதிவும் இன்சூரன்சும் சேர்த்து 'ஆன் ரோடு' விலை என்று ஒன்று. ரோட்டில் ஓட்டத் தனி விலை என்றால், முதல் விலைக்கு வாங்குகிறவர் காரை எங்கே ஓட்டுவார் என்று கேட்டேன். மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள்.

அந்தத் தம்பி நல்ல பிள்ளை. ஒரு உண்மையையும் சொன்னார். இந்த வாசலைத் தாண்டினதுமே காரின் விலை சரசரவென்று இறங்கிவிடுமாம்.

"அப்ப வாசலுக்கு அந்தப் பக்கம் நின்னு வாங்கினா?"

"அதுக்குப் பேருதான் சார் செகண்ட் ஹேண்ட்."

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஸ்பிரிட் வாசனை அடித்தது. ஊசி போடுவதற்கு முன் பஞ்சில் தொட்டுத் தடவுவார்களே, அந்த வாசனை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒரே கார் அப்படித்தான் மணந்தது.

அப்பா சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி வாங்கி வெளியூர்களுக்கு அனுப்பும் வியாபாரம் செய்தார். நான் படிப்பு முடித்து அவரோடு சேர்ந்த புதிதில், புரோக்கர் ஒருவர் பாசிப்பயறு நிறத்தில் ஒரு பழைய காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். "டாக்டர் வச்சிருந்த வண்டி, அண்ணாச்சி." அந்தக் காலத்தில் புரோக்கர்கள் விற்ற எல்லாக் காரும் டாக்டர் வைத்திருந்ததுதான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர் டாக்டர்களையும் ஒன்றாக நிறுத்தினாலும் அத்தனை கார் தேறாது. ஆனால் இது நிஜமாகவே டாக்டர் வண்டி. ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்தியம் பார்த்த பெரியவர் ஒருவர், மகன் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூர் போகும்போது விற்றுவிட்டுப் போனது. முன்கண்ணாடியில் இருந்த சிவப்புக் கூட்டல் குறியை அப்பா பிளேடால் சுரண்டினார். பசைத் தடம் கடைசிவரை போகவில்லை. "பேண்டேஜ் துணி விக்கிறவுகளுக்கு டாக்டர் வண்டி பொருத்தந்தான்" என்றாள் அம்மா.

அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. நான்தான் டிரைவர். லைசென்ஸின் ஈரம்கூடக் காயவில்லை. மாட்டு வண்டி முந்திப் போனாலும் ரோஷப்படமாட்டேன். காரை எடுத்துக்கொண்டு வெளியே போனால்தான் வேடிக்கை. வத்திராயிருப்பு, கூமாப்பட்டிப் பக்கம் டாக்டர் வாரம் தவறாமல் போய் வந்தவராம். அங்கே காரைப் பார்த்தவர்கள் உள்ளே யார் என்று பார்ப்பதில்லை. ஜன்னல் வழியாக மாம்பழத்தைப் போடுவார்கள், தேங்காயை வைப்பார்கள். "அய்யா இல்லியா? பரவால்ல, வச்சுக்கிடுங்க." அப்பா முதலில் கூச்சப்பட்டார். பிறகு பின் சீட்டில் ஒரு சாக்கு விரித்து வைத்தார்.

ஒரு சாயங்காலம் மதுரைக் கல்யாணத்துக்குப் போய்விட்டு அப்பா, அம்மா, நான் மூவரும் திரும்பிக்கொண்டிருந்தோம். கிருஷ்ணன்கோவிலில், கூமாப்பட்டிப் பக்கமிருந்து வந்த ஒருவர் தோளில் பிள்ளையோடு ரோட்டின் நடுவில் நின்று கையைக் காட்டினார். பிள்ளைக்கு வலிப்பு. கால் வெட்டி வெட்டி இழுத்தது தூரத்திலேயே தெரிந்தது.

"நிப்பாட்டாதலே" என்றார் அப்பா. "டாக்டர்னு நெனச்சு வாராரு. நாம என்ன செய்ய முடியும்? வழியில ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?"

பின் சீட்டிலிருந்து அம்மா சொன்னாள்: "மாம்பழம் வாங்குதப்ப மட்டும் டாக்டரா இருந்தீக?"

நான் நிறுத்தினேன். அவர் தலையை உள்ளே விட்டு எங்கள் மூவர் முகத்தையும் பார்த்தார். அழுகை வந்துவிட்டது அவருக்கு. "டாக்டரய்யா எங்க?"

அப்பா இறங்கிப் பின் கதவைத் திறந்தார். "அவிய இல்லய்யா. வண்டி இருக்குல்ல, ஏறு."

அம்மா பிள்ளையை ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலையைத் தாங்கிக்கொண்டாள். ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரி வரை நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. எதிரே வந்த பஸ்களெல்லாம், வண்டியைத் தெரிந்துதானோ என்னவோ, ஒதுங்கின.

பிள்ளை பிழைத்தது. கொஞ்ச நாள் கழித்து அந்த மனிதர் ஒரு கூடை மாம்பழத்தோடு வீடு தேடி வந்தார். டாக்டருக்கு அனுப்பிவிடட்டுமா என்று அப்பா கேட்டார். "இல்லய்யா, இது வண்டிக்கு" என்றார் அவர். அப்பா கூடையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். நான் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு போய்க் காருக்குள் உட்கார்ந்து தின்றேன். அந்தக் காரின் மேல் எனக்கு அவ்வளவு பிரியம் வந்துவிட்டது.

இந்தக் கதையைச் சொல்லித்தான் மனைவியைப் பழைய காருக்குச் சம்மதிக்க வைத்தேன். நேற்று மதுரை ரோட்டில் பழைய கார்கள் விற்கும் இடத்துக்குப் போனோம். வரிசையாக வெள்ளைக் கார்கள். ஒன்றைக் காட்டி, இது யார் வண்டி என்று அங்கே விற்பவரைக் கேட்டேன். "சிங்கிள் ஓனர் சார்." ஓனர் யார்? "அது சொல்ல மாட்டோம் சார்." கதவைத் திறந்தேன். ஷோரூமில் அடித்த அதே வாசனை. எப்படி என்று கேட்டதற்கு, ஒரு டப்பாவைக் காட்டினார். புது வண்டி வாசனையை அடைத்து விற்கிறார்களாம். எல்லாப் பழைய காருக்கும் அடிப்பார்களாம்.

ஓட்டிப் பார்க்கக் கிருஷ்ணன்கோவில் வரை போனோம். கல்லூரி பஸ்கள் நின்றன. இப்போது போன் செய்தால் ஆம்புலன்ஸ் வந்துவிடுகிறது, நல்லதுதான், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அன்றைக்குப் பிள்ளையோடு அவர் நின்ற அதே இடத்தில் ஒருவர் ரோட்டோரம் நின்று கையைக் காட்டினார். என் கால் தானாகப் பிரேக்கில் விழுந்தது. கண்ணாடியை இறக்கினேன். அவர் போனிலிருந்து முகத்தை எடுத்து, "நான் ரோட்டத் தாண்டத்தான் சார். நீங்க போங்க" என்றார்.

"யாருங்க அது, தெரிஞ்சவுகளா?" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியல. வண்டிக்கும் தெரியல."