காந்தத்தில் ஒட்டிய நிலாவெளி மணல்

ஆசிரிய ஆலோசகர் கடைசி வாங்கில் வந்து உட்கார்ந்தார். அன்றைய பாடத்தைப் பார்த்து அவர் எழுதும் அறிக்கையில்தான் என் நியமனம் நிரந்தரமாவது தங்கியிருந்தது.

உப்புவெளிப் பக்கத்துப் பள்ளிக்கூடம். ஏழாம் ஆண்டு விஞ்ஞானம், கலவைகளைப் பிரித்தல். இரும்புத்தூள், மணல், உப்பு மூன்றையும் கலந்து, இரும்பைக் காந்தத்தால் எடுத்து, மிச்சத்தைத் தண்ணீரில் கரைத்து வடித்து, கடைசியில் உப்பை ஆவியாக்கி எடுக்க வேண்டும். வவுனியாவில் நான் ஆற்றுமணலில் செய்து பழகியது. இங்கே வசதிக்கு நிலாவெளிக் கடற்கரையில் மணல் அள்ளிவந்திருந்தேன்.

"காந்தம் இரும்பைத்தான் பிடிக்கும், மண்ணைப் பிடிக்காது. வடிவாப் பாருங்கோ," என்று சொல்லி, பழைய ஸ்பீக்கரில் கழற்றிய காந்தத்தை வெறும் மணலுக்குள் விட்டு எடுத்தேன். காந்தம் முழுக்கக் கறுப்புத் தாடி!

வகுப்பு கொல்லென்று சிரித்தது. "டீச்சர், மண்ணையும் பிடிக்குது!"

போச்சு, எல்லாம் போச்சு! இரும்புத்தூள் சிந்திவிட்டது என்று சொல்ல வாய்வரை வந்தது. ஆனால் இரும்புத்தூள் போத்தல் இன்னும் மூடியபடியே மேசையில் இருந்தது. பிள்ளைகளுக்குக் கண் இல்லையா?

"எனக்கு விளங்கேல்ல பிள்ளையள். உங்களுக்குத் தெரியுமோ?"

"அது கறுப்பு மண் டீச்சர்," என்றாள் நிலாவெளியிலிருந்து வரும் சஃப்னா. "வாப்பா வலை இழுக்கிற கரையில கோடுகோடாக் கிடக்கும். புல்மோட்டையில நிறைய அள்ளுறாங்க."

"அப்ப அதுக்குள்ளயும் இரும்பு இருக்கோ?" என்று நடு வாங்கிலிருந்து ஒரு பையன் கேட்டான்.

"இருக்கத்தான் வேணும். எல்லாத்தையும் பிரிச்செடுப்பம்," என்றேன்.

பாடக் குறிப்பை மூடினேன். காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொடுத்தேன். ஒட்டியதை உதற அது லேசு. முறைபோட்டு எடுத்தார்கள். மணல் வெளுத்துக்கொண்டே போனது. அதோடு உப்பைக் கலந்து, கரைத்து, வடித்தும் முடித்தார்கள். உப்புத்தண்ணீரை அடுப்பில் வைக்கும்போது மணி அடித்துவிட்டது. இரும்புத்தூள் போத்தலை யாரும் தொடவே இல்லை.

ஆலோசகர் எழுந்து வந்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"மண்ணைப் பிடிக்காது எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் சேர். பிழையாச் சொல்லிப்போட்டன்."

"மிச்ச மண் இருக்கோ?"

"இருக்கு சேர். ஏன்?"

"ஒரு பையில போட்டுத் தாங்கோ. நாளைக்கு மூதூருக்குப் போறன். அங்கத்தை டீச்சரும் இதையேதான் சொல்லுவா."

எனக்கு வந்த சிரிப்பை அடக்க ஏலாமல் போய்விட்டது. அவரும் சிரித்தார். நியமனமும் நிரந்தரமானது.

புதிதாக வரும் ஆசிரியர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மணலை நீங்கள் கொண்டுபோகாதீர்கள். அவரவர் ஊர் மணலைப் பிள்ளைகளையே கொண்டுவரச் சொல்லுங்கள். அது காந்தத்தில் ஒட்டுமா ஒட்டாதா என்று, வைத்துப் பார்க்கும்வரை நான் இப்போது வாயே திறப்பதில்லை.