நாற்பது வயசுக் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுப்பவன்

பழைய ஹோம் கம்ப்யூட்டர்களுக்கு பவர் சப்ளை செய்வது என் தொழில் என்று சொன்னால், கேட்டவர் முதலில் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு பக்கத்தில் இருக்கும் என் அம்மாவின் முகத்தைப் பார்ப்பார். அம்மா தரையைப் பார்ப்பாள். செய்கிற வேலையை அடுத்தவருக்குப் புரியவைக்க முடியாமல் நாக்கு வறண்டுபோன அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கூட்டம்.

விஷயம் என்னவோ சின்னதுதான். நாற்பது வருஷத்துக்கு முன்னால் வீட்டு உபயோகத்துக்கென்று வந்த கம்ப்யூட்டர்கள் பார்க்க வெறும் கீபோர்டு மாதிரி இருக்கும். டிவியில் மாட்டினால்தான் திரை என்று ஒன்று கிடைக்கும். கரண்ட் கொடுக்க, செங்கல் கனத்தில் ஒரு கறுப்புப் பெட்டி தனியாக வரும். அந்தப் பெட்டிகளுக்கு இப்போது வயசாகிவிட்டது. கம்ப்யூட்டரை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறவர்களுக்கு நான் புதுப் பெட்டி செய்து தருகிறேன். கூடவே ஒயர், ஸ்விட்ச், தூசி படாமல் கம்ப்யூட்டரை மூட ஓர் உறை. தாராவியில் காசிம் அண்ணனின் லெதர் பட்டறைக்கு மேலே உள்ள மாடி அறைதான் என் தொழிற்சாலை. எழுந்து நின்றால் தலை இடிக்கும்.

கம்ப்யூட்டரைக் குடித்த மாமா

எனக்கு வயசு முப்பத்து நாலு. செம்பூரில் வசந்தாவைப் பெண் பார்க்க அம்மாவோடு போனேன். வசந்தா வாஷியில் கப்பல் சரக்கு ஆபீஸ் ஒன்றில் வேலை பார்க்கிறாள். அவள் அப்பா பேச்சிமுத்து மாமா டிபன் கடை வைத்திருப்பவர். "தொழில் என்ன தம்பி?" என்று அவர் கேட்டதும், வாயால் சொன்னால் சரிவராது என்று டீ கிளாஸைக் கம்ப்யூட்டராகவும் பிஸ்கட் தட்டைப் பவர் சப்ளையாகவும் வைத்து விளக்க ஆரம்பித்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பாதியில் மாமா கம்ப்யூட்டரை எடுத்துக் குடித்துவிட்டார்.

வசந்தா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: "அந்தப் பெட்டி கெட்டுப்போனா கம்ப்யூட்டர் என்ன ஆகும்?" எனக்கு உடம்பே சிலிர்த்தது. இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத, கேட்க வேண்டிய ஒரே கேள்வி அது. பழைய பெட்டி கெடும்போது கரண்டை ஏகத்துக்கு ஏற்றிவிட்டு கம்ப்யூட்டரையும் சேர்த்துக் கொன்றுவிடும், நான் செய்வது அப்படியில்லை, கோளாறு வந்தால் தன்னைத்தானே துண்டித்துக்கொண்டு தனியாக நின்றுவிடும் என்றேன். அவள் தலையாட்டினாள். அந்த நிமிஷமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

ஆனால் முடிவு சொல்ல வேண்டியவர் மாமா அல்லவா? வாசலில் செருப்பு மாட்டும்போது என்னைத் தனியே இழுத்துச் சொன்னார்: "தம்பி, ஞாயித்துக்கெழம ஊர்ல இருந்து எங்க அண்ணன் போன் பண்ணுவாரு. இன்னொரு எடத்துல மாப்பிள்ள பேங்க்ல இருக்காரு. பேங்க்னா ஒரு வார்த்தைல முடிஞ்சிருது. உங்களுக்கும் ஒரு வரி சொல்லுங்க, நான் பேசிக்கிடுதேன்."

எடை போதவில்லை

அந்த ஒரு வரியை நான் எங்கே போய்த் தேடுவது? பெட்டி வாங்குகிறவர்களையே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். எதற்காக வாங்குகிறார்கள் என்று தெரிந்தால் என்ன தொழில் என்றும் தெரிந்துவிடும் இல்லையா?

முதலில் மாட்டுங்காவில் விஸ்வநாதன் சார். இன்சூரன்ஸ் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். நான் கொண்டுபோன பெட்டியைக் கையில் வாங்கினார், தூக்கிப் பார்த்தார், முகம் சுருங்கியது. "என்னப்பா, உள்ள ஒண்ணுமே இல்லையா? பழசு எவ்ளோ கனமா இருந்தது!" இப்போதெல்லாம் உள்ளே இருக்கிற சாமான் சின்னது சார், அதனால்தான் எடை இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. திருப்பிக் கொண்டுபோய், அடியில் ஓர் இரும்புத் தகட்டை வைத்துத் திருகி மறுநாள் கொடுத்தேன். கையில் வாங்கியதும் திருப்தியாகத் தலையாட்டினார். பெட்டியைக் கம்ப்யூட்டரில் மாட்டி டிவியைப் போட்டார், நீலத் திரையில் ஒரு சின்னச் சதுரம் விட்டுவிட்டு மின்னியது. "பாத்தியோ, இப்பத்தான் கரண்ட் நன்னா வர்றது!" என்றார்.

உடனே எல்லாவற்றையும் அணைத்துவிட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இதை வைத்து என்ன சார் செய்வீர்கள் என்று கேட்டேன். தினமும் காலையில் ஒரு தடவை போட்டு, வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு அணைத்துவிடுவாராம். அவ்வளவுதானா? வேலை செய்தால் போதுமா? வேலை செய்து என்ன ஆகப்போகிறது? அவர் என்னைப் பாவமாகப் பார்த்துச் சொன்னார்: "என்னப்பா இப்படிக் கேக்கற? நாளைக்கும் வேலை செய்யணுமோல்லியோ?"

உறையில் ஓட்டை

கீழே காசிம் அண்ணன்தான் எனக்கு உறை தைத்துக் கொடுப்பவர். புதுசாகத் தைத்த ஒன்றைக் கொண்டுவந்தார். அருமையான தையல். ஆனால் ஒயர் வெளியே வர ஓட்டை விடவில்லை. ஓட்டை எங்கே அண்ணே என்றேன். ஓட்டை விட்டால் தூசி போகாதா என்று திருப்பிக் கேட்டார். பிறகு ஒயரை எப்படி மாட்டுவது என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக விளக்கினார்: "தம்பி, மூடி வைக்கத்தானே உறை? மூடி வச்சிருக்கும்போது அதுக்கு எதுக்குக் கரண்ட்டு?"

ஒன்றும் செய்ய முடியாத கம்ப்யூட்டர்

யோசித்துப் பார்த்தால் அண்ணன் சொன்னது சரி, விஸ்வநாதன் சார் செய்வதும் சரி, என் தொழில்தான் தப்பு என்று தோன்றியது. அன்றைக்குப் பூராவும் வசந்தாவின் நினைப்பாகவே இருந்தது. பேங்க் மாப்பிள்ளை இந்நேரம் ஏதாவது நல்ல வேலை செய்துகொண்டிருப்பார் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

நாலு சந்து தள்ளி மெஹருன்னிசா டீச்சர் டியூஷன் எடுக்கிறார். அவரிடமும் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது, என் பெட்டியில்தான் ஓடுகிறது. போய்ப் பார்த்தால், பிள்ளைகள் டிவியைச் சுற்றி உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். திரையில் ஒரு பெருக்கல் வரும், விடையைத் தட்ட வேண்டும், தப்பென்றால் கர்ரென்று ஒரு சத்தம். புதுசாக வந்த ஒருத்தி டிவி கண்ணாடியை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அது நகரவே இல்லை. "டீச்சர், யே தோ ஹேங் ஹோ கயா," என்று இந்தியில் புகார் சொன்னாள், கம்ப்யூட்டர் அசையாமல் நின்றுபோய்விட்டதாம்.

எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. கடைசியில் ஒருவராவது இதை உருப்படியாக உபயோகிக்கிறாரே! "பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கல்வி" என்று மனசுக்குள் அந்த வரியை எழுதியே விட்டேன். உறுதிப்படுத்திக்கொள்ள டீச்சரைக் கேட்டேன். புதுக் கம்ப்யூட்டர் வாங்காமல் இதையே ஏன் வைத்திருக்கிறீர்கள்? கேமும் வீடியோவும் பார்க்க வழியில்லாத கம்ப்யூட்டர் வேறு எங்கே கிடைக்கும் என்று சிரித்தார். "இதுல ஒண்ணுமே செய்ய முடியாது தம்பி. அதுக்குத்தான் இத வச்சிருக்கேன்."

மாமா மேலே வந்தார்

சனிக்கிழமை மத்தியானம் காசிம் அண்ணன் கீழிருந்து கூப்பிட்டார். எட்டிப் பார்த்தால் இரும்பு ஏணியில் பேச்சிமுத்து மாமா ஏறிக்கொண்டிருக்கிறார். பட்டறையை நேரில் பார்க்கவே வந்திருந்தார். வந்த வேகத்தில் தலையை இடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒரு வரியும் இல்லை.

மேஜைமேல் ஒரு கார் ஹெட்லைட் எரிந்துகொண்டிருந்தது. பங்கார் என்கிற காயலான் கடையில் பழைய இரும்போடு கிடந்ததை வாங்கி வந்தது. புதுப் பெட்டியை நான் நேராகக் கம்ப்யூட்டரில் மாட்டுவதில்லை. முதலில் இந்த லைட்டில் மாட்டி நாள் பூராவும் எரியவிடுவேன். தப்பாக ஏதாவது நடந்தால் லைட்டோடு போகட்டும், அடுத்தவர் பொருள் பிழைத்துக்கொள்ளும். இதையெல்லாம் மாமாவிடம் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. லைட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்ல மெல்ல அவர் முகம் மலர்ந்தது.

"கார் லைட்டா!" என்றார். இல்லை மாமா, லைட் சும்மா சோதனைக்குத்தான் என்று நான் ஆரம்பிப்பதற்குள் எழுந்துவிட்டார். இந்தத் தடவை ஜாக்கிரதையாகக் குனிந்துகொண்டே ஏணிக்குப் போனார். இரண்டு படி இறங்கியபின் தலையை மட்டும் மேலே நீட்டிச் சொன்னார்: "இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்லா தம்பி? கம்ப்யூட்டரு கம்ப்யூட்டருன்னு போட்டுக் கொழப்பிட்டீங்க. லைட்டு மட்டும் கொஞ்சம் மங்கலா எரியுது, அதப் பாத்துக்கிடுங்க."

ஒரு வரி கிடைத்தது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாவுக்கு மாமாவிடமிருந்து போன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கார் லைட் தொழில், சொந்தப் பட்டறை, அண்ணனுக்கும் சம்மதம், மேற்கொண்டு பேசலாம். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள்: நான் வாயைத் திறக்கவே கூடாது.

சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. பொய் சொல்லிப் பெண் எடுக்கிறோமே என்று உறுத்தியது. அம்மா தூங்கப் போனதும் வசந்தாவுக்கு போன் செய்தேன். இது நான் சொன்னதில்லை, எனக்கும் கார் லைட்டுக்கும் சம்பந்தமே இல்லை, வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அப்பாவுக்குப் பைய நானே புரியவைக்கேன். நீங்க செய்யுறது எனக்கும் பாதிதான் புரிஞ்சுது," என்றாள். அப்படியானால் எதை நம்பிச் சம்மதித்தீர்கள் என்று கேட்டேன். "எங்க வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைங்க எல்லாரும் நல்லா இருக்கும்போது எப்படி இருப்போம்னுதான் சொன்னாங்க. தான் கெட்டுப்போனாலும் பக்கத்துல இருக்கிறதக் கெடுக்காதுன்னு நீங்க ஒருத்தர்தான் சொன்னீங்க."

கல்யாணம் முடிந்த பிறகும் அவள் அப்பாவுக்குப் புரியவைத்துக்கொண்டேதான் இருக்கிறாள், அவருக்குப் புரிகிறவரை செம்பூரில் யார் வண்டியில் லைட் எரியாவிட்டாலும் எனக்குத்தான் போன் வரும் என்பதால், எனக்கு ஸ்கூட்டர் பல்பு மாற்றக்கூடத் தெரியாது என்பதை மட்டும் தயவுசெய்து நீங்கள் யாரும் அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள்.